இசோபேயின் விருப்பப் படிவம்

டோக்கியோ,
மார்ச் 11

அன்புள்ள குராமோச்சிக்கு,

நலம். நீயும் வீட்டாரும் அங்கே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே பிளம் மரங்கள் பூத்துக் கொட்டிவிட்டன. மகரந்த ஒவ்வாமைக் காலம் தொடங்கிவிட்டது. மனிதவளப் பிரிவில் பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் முகமூடிக்குள் தும்மிக்கொண்டிருக்கிறோம். சிங்கப்பூரில் அந்தத் தொல்லை இல்லை என்று போன வருடம் எழுதியிருந்தாய். பொறாமையாக இருக்கிறது.

போன ஞாயிறு முதியோர் இல்லத்துக்குப் போய் உன் அம்மாவைப் பார்த்தேன். நன்றாகச் சாப்பிடுகிறார்கள். என்னை உன் மனைவி என்று நினைத்துக்கொண்டு, பிள்ளைக்கு ஏன் முடியை இவ்வளவு ஒட்ட வெட்டினாய் என்று திட்டினார்கள். வாங்கிக்கொண்டேன்.

இதைத் தாளில் எழுதி விரைவுத் தபாலில் அனுப்பக் காரணம் உண்டு. ஜனவரியில் நான் அனுப்பிய மின்னஞ்சலுக்கு உன் உதவியாளர்தான் பதில் போட்டார். 'தங்கள் கருத்து உரிய கவனத்தில் எடுத்துக்கொள்ளப்படும்' என்றிருந்தது. நம் கம்பெனியில் புதிதாகச் சேருபவர்களுக்கு அந்த வாக்கியத்தை எழுதப் பழக்குபவளே நான்தான். அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் மாத இடமாற்றப் பட்டியல் இம்மாதம் 22ஆம் தேதி, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மூடப்படுகிறது. அதற்குள் ஒரு பிரிவுத் தலைவர் இசோபேயைப் பெயர் சொல்லி, எனக்கு வேண்டும் என்று ஒரு வரி எழுதினால் போதும், அவன் கீரைத் தோட்டத்திலிருந்து மறுபடி கணினி நிரல் எழுதும் வேலைக்கு வந்துவிடுவான். இங்குள்ள ஆறு தலைவர்களையும் கேட்டுவிட்டேன். நீ ஏழாவது.

நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். ஆனாலும் வரிசையாக எழுதிப் பார்த்தால்தான் எங்கே தவறினோம் என்று எனக்கே புரிகிறது. நான்கு வருடத்துக்கு முன்பு ஆண்டுக் கூட்டத்தில் மேடையேறி, இங்கே யாரும் எதையும் மறைக்க வேண்டாம், நாங்கள் கூட நிற்போம் என்று பேசினாய். நீ மனதாரப் பேசினாய்; முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவள் சொல்கிறேன். மறுநாள் மதியம் சோபா நூடுல்ஸ் கடையில் நம் இருவரிடமும் இசோபே சொன்னான். "எனக்குப் பொழுது சாஞ்சா கண்ணு தெரியாது. பகல்லயும் குழாய் வழியாப் பாக்குற மாதிரிதான். டாக்டர் இன்னும் குறையும்ங்கிறார்." பதினெட்டு வருடம் ஒரே அறையில் வேலை செய்தும் நமக்குத் தெரியவில்லை. "முட்டாப் பயலே, இத்தனை நாள் ஏண்டா சொல்லல?" என்று நீ கத்தியதும், கடைக்காரர் திரும்பிப் பார்த்ததும் நினைவிருக்கிறதா?

மாற்றுத்திறனாளி அட்டை வாங்கிக்கொள், திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளைக் கம்பெனியே வாங்கித் தரும் என்றோம். வட்டார அலுவலகத்துக்கு அவனை அழைத்துப் போனவள் நான். மூன்று இடத்தில் எங்கே கையெழுத்துப் போடுவது என்று விரல் வைத்துக் காட்டினேன். அந்த வருடம் சட்டம் கேட்ட மாற்றுத்திறனாளி ஊழியர் எண்ணிக்கைக்கு நமக்கு இரண்டு பேர் குறைந்தார்கள். குறைந்துகொண்டே போனால் கம்பெனியின் பெயரை அரசு வெளியிடும். இசோபேயின் குறைபாடு கடுமையான வகை. அந்த வகையில் ஒருவர் இருவராக எண்ணப்படுவார். கட்டத்தில் 2 என்று எழுதியவளும் நான்தான்.

ஆறு மாதம் கழித்து ரயில் நிலையப் படியில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு எல்லாருமே அவனிடம் அன்பாக நடந்துகொண்டார்கள். காலை நெரிசலில் அவன் வருவது ஆபத்து என்றார் கம்பெனி மருத்துவர். வீட்டிலிருந்தே வேலை செய்தால் தனிமையில் வாடிப்போவான் என்றார் இயக்குநர். சிபாவில் அவன் வீட்டுக்கு அருகிலேயே, அந்தச் சட்ட எண்ணிக்கைக்காகக் கம்பெனிகள் வாடகைக்கு எடுக்கும் தோட்டம், வாசலுக்கே சிறு பேருந்து வரும் என்று நான் தகவல் கொடுத்தேன். 'அவருடைய பாதுகாப்புக்காக' என்று எழுதி நீ கையெழுத்திட்டாய். மென்பொருளுக்கான விண்ணப்பம் எந்த மேசையில் நின்றது என்று இன்றுவரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

போன வியாழக்கிழமை அங்கே போயிருந்தேன். நீ பார்த்ததில்லை என்பதால் எழுதுகிறேன். நீளமான பிளாஸ்டிக் கூடாரங்கள், உள்ளே தடுப்புகள், ஒவ்வொரு தடுப்பிலும் ஒரு கம்பெனியின் பெயர்ப்பலகை. தடுப்புக்கு மாற்றுத்திறனாளி ஊழியர்கள் மூன்று பேர், மேற்பார்வைக்கு ஒருவர். இடுப்புயரத் தொட்டியில் கீரையும் முள்ளங்கியும். அங்கே விளைவதை விற்பதில்லை. தலைமை அலுவலக வரவேற்பறையில் கூடையில் வைக்கிறோம், விரும்பியவர்கள் எடுத்துப் போகலாம். வெள்ளிக்கிழமை மிஞ்சுவதைத் துப்புரவுப் பெண்மணி அள்ளிப் போகிறார். தோட்டத்தில் பத்தரை மணிக்கே வேலை தீர்ந்துவிடுகிறது. மேற்பார்வையாளர் ஓசுமி முன்பு பேருந்து ஓட்டியவர், நல்ல மனிதர். நான் உள்ளே நுழையும்போது, "இசோபே சார், நாத்துத் தட்டெல்லாம் துடைச்சிடுங்க" என்றார். "இப்பத்தானே துடைச்சேன்?" என்றான். "அதனால என்ன? இன்னொரு தடவை துடைச்சாத் தேஞ்சா போயிடும்?"

நான் வாயைத் திறக்கும் முன்பே, "வாங்க செகிகுச்சி மேடம். அந்தத் தும்மலை இருபத்திரண்டு வருஷமாக் கேக்குறேனே" என்றான். இளைத்திருக்கிறான். நாக்கு மட்டும் இளைக்கவில்லை. பக்கத்தில் இருந்த பெண்ணிடம் என்னை அறிமுகம் செய்து, "இவங்கதான் என்னை ரெண்டு ஆளாக்கினவங்க. ஒருத்தன் கீரை பறிக்கிறான், இன்னொருத்தன் சும்மா நிக்கிறான். சம்பளம் என்னமோ ஒருத்தனுக்குத்தான் வருது" என்றான். அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

நான் போனது அவனுடைய விருப்பப் படிவத்துக்காக. வருடா வருடம் எல்லோரும் எழுதித் தருவதுதான். விரும்பும் பணி என்ற கட்டத்தில் மூன்று வருடமும் 'நிரல் எழுதுதல்' என்று எழுதினான். இந்த வருடம், 'தற்போதைய பணியிலேயே தொடர விரும்புகிறேன்' என்றிருக்கிறது. அவன் சொல்லச் சொல்ல அந்தப் பெண் எழுதியிருக்கிறாள். யாராவது மிரட்டினார்களா, ஆசை காட்டினார்களா என்று கேட்டேன்.

"யாரும் ஒண்ணும் சொல்லல. நடுவுல ஒரு காசு அளவு பார்வை இருந்துச்சு இல்ல, அதை வெச்சுத்தான் திரையைப் பாத்துக்கிட்டிருந்தேன். போன அக்டோபர்ல அதுவும் போயிடுச்சு. கண்ணு மிச்சமிருந்த மூணு வருஷமும் கீரையைப் பாத்தே தீந்துபோச்சு. இனிமே காதால வேலை செய்யக் கத்துக்கணும். அதுக்கு ஆபீஸ்ல ஒரு மேசை வேணும், ஒரு வருஷம் பொறுத்துக்கிற ஆளு வேணும். யாரு இருக்கா, சொல்லு?"

நான் படிவத்தை மடித்தேன். "எழுதிக் குடுத்துட்டு ஏப்ரல் வரைக்கும் காத்துக்கிட்டிருக்கேன் பாரு, அதுதான் முடியல. வேணாம்னு எழுதிட்டா வசந்தம் சும்மா வசந்தமா வந்துட்டுப் போகும்" என்றான்.

இந்தப் படிவத்தில் நான் முத்திரை குத்திவிட்டால் பிறகு எந்தத் தலைவரும் அவனைத் தன் பிரிவுக்குக் கேட்க முடியாது. ஊழியரின் விருப்பத்தை மதிக்கிறோம் என்பது நம் விதி. ஆண்டறிக்கையில் போட அவன் படத்தைக் கேட்டு விளம்பரப் பிரிவு ஏற்கெனவே தொலைபேசியில் அழைத்துவிட்டது. படிவம் என் இழுப்பறையில் கிடக்கிறது. 22ஆம் தேதிக்கு மேல் அதை வைத்திருக்க எனக்கு அதிகாரம் இல்லை.

மே மாதம் 'பொறுப்புள்ள தலைமை' என்ற தலைப்பில் நீ இங்கே பேசப்போகும் உரையின் நகல், தகவல்களைச் சரிபார்க்க என்னிடம் வந்தது. அதில் 'பார்வை குறைந்த நண்பர்' ஒருவர் வருகிறார். 'இன்று அவர் தமக்கேற்ற பணியில் மகிழ்ச்சியாக இருக்கிறார்' என்று முடித்திருக்கிறாய். மற்ற வரிகளுக்கெல்லாம் சரி போட்டுவிட்டேன். அந்த வரியை மட்டும் சரி போடாமல் விட்டுவைத்திருக்கிறேன்.

உன் பிரிவு செய்துகொடுத்த மருத்துவமனைச் செயலியைப் பார்வையற்றவர்களால் பயன்படுத்த முடியவில்லை என்று புகார் வந்ததையும், அதற்கு வெளியிலிருந்து ஆலோசகர் தேடுகிறீர்கள் என்பதையும் சுற்றறிக்கையில் படித்தேன். அதன் அடித்தளத்தை எழுதியவன் இசோபே. ஒரு வருடம் தடுமாறுவான், மறுக்கவில்லை. உன் மேலதிகாரிகளிடம் அந்த ஒரு வருடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நீ என்பதும் தெரியும்.

உன்னைக் கேட்கப்போகிறேன் என்றதற்கு அவன் வேண்டாம் என்றான். "அவன் முடியாதுன்னு சொல்லமாட்டான், பாவம். நல்லவன். அதான் கஷ்டம்."

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோபப்பட எனக்கு முகம் இல்லை. பதில் வரும் என்ற நம்பிக்கையும் அவ்வளவாக இல்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அன்று அவன் மனதை மாற்றலாம் என்று நினைத்து, ஆறு தலைவர்களும் எழுதிய பதில்களை அவனுக்குப் படித்துக் காட்டினேன். எல்லாம் அழகான கடிதங்கள். அவனுடைய திறமையைப் புகழ்ந்து, உடல்நலத்தை விசாரித்து, வாழ்த்தி முடித்திருந்தார்கள். ஒவ்வொன்றும் முடிந்ததும் தட்டைத் துடைத்தபடியே அவன் கேட்டான்: "அப்ப, என்ன சொல்றாங்க?"

ஆறு முறை கேட்டான். ஆறு முறையும் நான் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு வரியை உன்னால் எழுத முடிந்தால் எழுது. முடியாவிட்டால் முடியாது என்று உன் கையாலேயே எழுதி அனுப்பு, அதுவும் எனக்கு உதவிதான். அவன் ஏழாவது முறையாக அந்தக் கேள்வியைக் கேட்கும்படி மட்டும் செய்துவிடாதே, உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

வீட்டாருக்கு என் அன்பு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த
செகிகுச்சி டோகிகோ