மதினி கேட்ட கவிதை

மதினி,

பேங்க்கில் வேலை பார்க்கும் என் மாணவி ஒருவர் இன்று காலை பியானோவில் அந்தப் பழைய ஐரோப்பிய இசையை வாசித்தார். முடிவதற்குச் சற்று முன்பு கையை எடுத்துவிட்டு, "இங்க நிக்கணும்னு நோட்ஸ்ல போடலையே மேடம், ஏன் நிக்கச் சொல்றீங்க?" என்று கேட்டார்.

அந்த இடத்தில் என்னை நிற்கவைத்தது நீங்கள். அண்ணனைக் கட்டிக்கொண்டு பந்தல்குடியிலிருந்து அருப்புக்கோட்டைக்கு வந்த அன்றுதான் பியானோ என்று ஒன்றையே பார்த்தீர்கள். நான் வாசிக்க வாசிக்க, கடலை உரித்துக்கொண்டே அதற்கு ஒரு கதை கட்டினீர்கள். புருஷனோடு சண்டை போட்டுப் போன ஒருத்தி, காய்ந்த கண்மாய்க்குள் நடந்து திரும்பி வருகிறாள். இடது கை உறுமினால் மழை. "வாரேன் வாரேன்னு சொல்லிட்டு, திருச்சுழிப் பக்கம் போயிருச்சு பாரு" என்று சிரிப்பீர்கள். ஒருநாள் என் கையைப் பிடித்து நிறுத்தினீர்கள். "ஓடாத, கொஞ்ச நேரம் நில்லு. வாசலுக்கு வந்துட்டா. கதவத் தட்டவா வேணாமான்னு யோசிக்கிறா."

மதுரையில் நான் வாசித்த கச்சேரியில் அந்த நிறுத்தத்தைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள். அது எப்படித் தோன்றியது என்று மேடையிலேயே ஒருவர் கேட்டார். மூன்றாவது வரிசையில் பட்டுச்சேலை கட்டி உட்கார்ந்திருந்தீர்கள். எங்கள் மதினி கடலை உரிக்கும்போது சொன்னது என்று சொல்ல எனக்கு வெட்கம். என்ன புத்தியோ! "இதற்குப் பின்னால் ஒரு ஐரோப்பியக் கவிதை இருக்கிறது" என்று ஆரம்பித்து, உங்கள் கதையை அப்படியே ஒப்பித்தேன். கண்மாயை மட்டும் ஏரியாக்கினேன்.

நீங்கள் திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். இந்த மாதிரி இசைக்கெல்லாம் கவிதைதான் மூலம் என்று முன்பு அளந்தவளும் நான்தானே, நம்பிவிட்டீர்கள். திரும்பும்போது பஸ்ஸில் என் தொடையில் தட்டி, "ஏத்தா, நான் நெனச்சதையே ஒரு வெள்ளக்காரரும் எழுதிருக்காரே! அதத் தமிழ்ல ஒருக்கா படிச்சுக் காட்டு" என்றீர்கள். முகமெல்லாம் சந்தோஷம். புத்தகம் கிடைக்கவில்லை, தேடுகிறேன் என்று நாலு வருஷம் ஓட்டினேன்.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் அம்மாவிடமும் அதையே பெருமையாகச் சொன்னீர்கள். "அவுக எழுதுனதும் நான் சொன்னதும் ஒண்ணு. வேணும்னா இவகிட்டக் கேளுங்க." இரண்டு பேரும் என்னைப் பார்த்தீர்கள். ஆமா என்று தலையாட்டினேன். மறுவாரம் நீங்கள் இல்லை.

அப்படி ஒரு கவிதை கிடையாது மதினி. வாசலில் தயங்கி நின்ற அந்தப் பெண்ணை நினைத்தவர் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான். இல்லாத ஒரு வெள்ளைக்காரருக்கு உங்கள் கதையில் பாதியைக் கொடுத்துவிட்டுப் போனீர்கள், நான் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.