இரைச்சல் என்று நினைத்தோம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. முப்பது வயதுக்காரியை இன்னும் பாப்பா என்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. இன்றைக்கு வேறு எப்படியும் கூப்பிட வரவில்லை. உன் கண் எப்படி இருக்கிறது? வீட்டுக்குச் சொல்ல வேண்டாம் என்று அலுவலகத்தில் சொல்லி வைத்திருந்தாயாம். எங்களுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த விதத்தைத்தான் எழுதப் போகிறேன். மனதைத் திடப்படுத்திக்கொண்டு படி.

நீ வேலை பார்க்கும் தீவின் தொலைபேசி பழுதானதிலிருந்து உன் அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நீ சௌக்கியம் என்று அலுவலகத்திலிருந்து வாரம் ஒருமுறை சொல்வார்கள். தொலைபேசியே இல்லாமல் அது அவர்களுக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்க எங்கள் இருவருக்கும் புத்தி போகவில்லை. கவலையை மறக்க அவள் மாடி அறையில் தன் ஹாம் ரேடியோவே கதி என்று கிடந்தாள். அவள் வட்டத்து ஆட்களைத்தான் உனக்குத் தெரியுமே. சாயங்காலமானால் ரேடியோவில் கூடிவிடுவார்கள். இங்கே கணினியில் தட்டுகிற எழுத்து அங்கே திரையில் ஒவ்வொன்றாக விழும். ஒருத்தருக்கு மூட்டுவலி, இன்னொருத்தருக்கு மருமகள். அதைப் பார்த்தாலே எனக்குக் கொட்டாவி வந்துவிடும்.

ஒரு மாதமாக இவர்கள் கூடும் அலைவரிசையில் ஒரு சத்தம் புகுந்துகொண்டது. தகரத்தைத் தரையில் இழுத்துக்கொண்டு ஓடுவது மாதிரி இருக்கும். இவர்கள் பேச்சில் பாதியைத் தின்றுவிடும். விசாரித்ததில், பல் டாக்டர் ஒருவர் வைத்திருக்கும் கடிதப் பெட்டி என்று தெரிந்தது. ஆள் இல்லாமலே ஓடுமாம். தொலைவில் இருப்பவர்கள் ரேடியோ வழியாக அனுப்பும் கடிதத்தை வாங்கி இணையத்தில் சேர்த்துவிடுமாம். இவர்கள் முறை வேறு, அதன் முறை வேறு. அம்மாவின் கணினிக்கு அது வெறும் இரைச்சல். அந்தப் பெட்டிக்கு இவள் எழுத்தும் இரைச்சல்தான். இரண்டுக்கும் இருக்கிற இடமோ அலைவரிசையில் ஒரு சின்ன ஓரம். யாருக்கும் பட்டா போட்டுக் கொடுத்ததில்லை.

பொத்தானைத் தொடும் முன் காது கொடு, யாராவது இருக்கிறார்களா என்று கேள். இதுதான் அவள் எல்லோருக்கும் சொல்லித் தரும் முதல் பாடம், உனக்கும் சொல்லித் தந்தாள். நான் அதை நினைவுபடுத்தினேன். "மனுஷங்க இருந்தா கேக்கலாம், மெஷின்கிட்ட என்னத்தைக் கேக்கிறது" என்றாள். வட்டத்தில் எல்லோரும் கூடிப் பேசி, இனி அந்தச் சத்தத்துக்கு வழிவிடுவதில்லை என்று முடிவெடுத்தார்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அது வந்தது. இவள் ரேடியோவை முழுச் சக்திக்கு ஏற்றி, அந்தச் சத்தத்தை அமுக்க ஒரே எழுத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். சத்தம் நிற்கும், மறுபடி வரும். இவளும் விடவில்லை. நான் டீ கொண்டுபோய் வைத்துவிட்டு, "விடாதே, ஓட ஓட விரட்டு" என்றேன். நாங்கள் சிரித்தோம், பாப்பா. கடைசியில் அது ஓய்ந்துவிட்டது. வட்டத்தார் அவளுக்கு வாழ்த்துத் தட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டர் வீட்டுக்கே வந்துவிட்டார். சத்தம் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று பார்த்துப் பார்த்து, மொட்டைமாடியில் நிற்கும் ரேடியோக் கம்பியை அடையாளம் கண்டு வந்திருக்கிறார். அம்மா சண்டைக்கு வரிந்துகட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "புகார் கொடுக்க வரலைம்மா. அன்னிக்கு ஒரு பொண்ணு என் பெட்டியைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்கு. பேட்டரி ஆசிட் கண்ணுல தெறிச்சிடுச்சு, என்ன செய்யணும்னு கரையில இருக்கிற டாக்டரைக் கேட்டு ஒரு கடிதம். பாதி பாதியா அறுந்துபோய் மறுநாள் காலையிலதான் முழுசா வந்துச்சு" என்றார்.

எந்த ஊர்ப் பெண் என்று மட்டும் அம்மா கேட்டாள். "ஊர் இல்லைம்மா, தீவு" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணின் கால்சைனை, ரேடியோ அடையாளக் குறியைச் சொன்னார். உன்னுடையது. அம்மாவே கூட உட்கார்ந்து படிக்கவைத்து, பரீட்சை எழுதவைத்து வாங்கித் தந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த மனிதர் பதறிப்போய்த் தண்ணீர் கேட்டார். எங்கள் மகள் என்று நான்தான் சொன்னேன்.

பிறகு உன் அலுவலகத்துக்குப் பேசி எல்லாவற்றையும் தெரிந்துகொண்டோம். உன்னிடம் இருந்த பழைய ரேடியோவில் கடித முறை மட்டும்தான் ஓடுமாம். பதில் வராததால் மருந்துப் பெட்டியில் கிடைத்த களிம்பைப் போட்டுக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டாயாம். எதுவும் போடாதே, தண்ணீரில் கழுவிக்கொண்டே இரு. இந்த ஒரு வரிதான் அன்றைக்கு உனக்கு வேண்டியிருந்தது. அது வரும் வழியில் உன் அம்மா உட்கார்ந்திருந்தாள், நான் பக்கத்தில் டீயோடு நின்றிருந்தேன். இடது கண்ணில் மூட்டம் தங்கிவிடலாம் என்கிறார்கள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்துப் பிழைக்கிறவன் நான். கண் பரிசோதிக்கக் கடைச் சுவரில் மாட்டியிருக்கும் எழுத்துப் பலகையை நிமிர்ந்து பார்க்க முடியாமல் திங்கட்கிழமை பாதியிலேயே கடையைச் சாத்திவிட்டு வந்தேன்.

பல் டாக்டர் நல்ல மனிதர். மறுபடியும் வந்தார். தன் பெட்டியும் தன் பாஷையை மட்டும்தான் கேட்கிறது, மற்றதெல்லாம் காலி இடம் என்று நினைத்துக்கொள்கிறது, அதனால் தப்பு தன் மேலும் உண்டு என்றார். அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வட்டத்தாருக்கு ஒன்றுவிடாமல் எழுதி அனுப்பிவிட்டு ரேடியோவின் வயர்களைக் கழற்றி வைத்துவிட்டாள். சாப்பாடு பேருக்குத்தான். இது தெரியாமல் செய்தது என்று நான் சொன்னால், தெரிந்துகொள்ளாமல் செய்தது என்கிறாள்.

உன் இடத்துக்கு ஆள் வரும்வரை தீவை விட்டு வரமாட்டேன் என்றாயாம். பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உனக்கு மணிக்கொருதரம் சொட்டு மருந்து விட ஆள் வேண்டும் என்றார்கள். அம்மா போகிறேன் என்றாள். ஒரு மாதத்துக்குத் துணி எடுத்து வைத்திருக்கிறாள்.

ஆனால் உன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல அவளால் முடியாதாம். மறைத்துவைத்து உன் பக்கத்தில் இருக்கவும் முடியாதாம். அதனால்தான் என்னை எழுதச் சொன்னாள். படகுக்காரர் இந்தக் கடிதத்தை மேலே கொண்டுவந்து உன்னிடம் தருவார். அவள் கீழே படகிலேயே உட்கார்ந்திருப்பாள். நீ கூப்பிட்டால் இறங்குவாள். கூப்பிடாவிட்டால் அப்படியே திரும்பிவிடுவாள். இதற்கு மேல் உன்னிடம் எதுவும் கேட்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள், அதனால் நான் கேட்கவில்லை.

நீ நன்றாக இருக்க வேண்டும், பாப்பா. உன் பார்வை முழுசாகத் திரும்ப வேண்டும். சாயங்காலம் படகு திரும்பி வரும் நேரத்துக்கு நான் இங்கே துறையில் நிற்பேன். அதில் படகுக்காரர் மட்டும் வரவேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா