பூசணியில் நகக்குறி

அன்பு மகள் சின்னவளுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை, ஏன் என்று படித்தால் உனக்கே புரியும். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நான் போனை எடுத்தாலே உன் அப்பா பக்கத்து நாற்காலிக்கு வந்துவிடுகிறார், அதனால்தான் காகிதம்.

வீட்டுக்குப் பின்னால் இந்த வருஷம் தக்காளி, கத்தரி, நாலு வரிசை மக்காச்சோளம், சுவரோரம் ஒரு பூசணிக்கொடி. பறிக்கிற விஷயத்தில் நான் எவ்வளவு கறார் என்று உனக்குத் தெரியும். கத்தரியைப் பளபளப்பு மங்குவதற்குள் பறித்துவிட வேண்டும், சோளத்துக்கு நுனிக் குஞ்சம் கருகி மணியைக் கிள்ளினால் பால் வர வேண்டும், பூசணிக்குக் காம்பு காய்ந்து தோலில் நகம் இறங்காமல் இருக்க வேண்டும். ஒரு நாள் காலையில் பார்த்தால் பூசணித் தோலில் பிறை மாதிரி ஒரு நகக்குறி. மறுநாள் இரண்டு. வாரக் கடைசியில் எண்ணினேன், பதினாலு. சோளக்கதிரையும் யாரோ பிரித்துப் பார்த்துவிட்டுப் பழையபடி மூடி வைத்திருந்தார்கள், அணில் பிரித்தால் மூடி வைக்குமா. நாம் வளர்த்ததற்கு வேறு யாரோ நாள் பார்க்கிறார்கள் என்று எனக்கு வயிறு எரிந்தது.

முதல் சந்தேகம் பக்கத்து வீட்டுத் தையல்காரர் மேல். நடுவில் இருப்பது இடுப்பளவுச் சுவர், அவருக்கோ துணி மடிப்பைக் கீறுவதற்கென்றே வளர்த்த சுண்டுவிரல் நகம். அதோடு, பூசணி இன்னும் பத்து நாள் போகணும்போல என்று அவராக ஒரு நாள் சொன்னார், யாரும் கேட்காமலே அவர் ஏன் சொல்ல வேண்டும். உன் அப்பாவிடம் சொன்னதற்கு, விடு, பூசணிதானே என்றார். ஒரு செடி வாடினாலே சோறு இறங்காத மனுஷர் இப்படிச் சொன்னபோதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும், தட்டவில்லை. போன செவ்வாய்க்கிழமை தையல்காரரைத் தெருவில் நாலு பேர் முன்னால் நிறுத்தி, எங்க பூசணிக்காயில உங்களுக்கு என்ன வேலைன்னு கேட்டேவிட்டேன். மனுஷர் முகம் சுண்டிப்போய் உள்ளே போய்விட்டார். உன் அப்பா என் பக்கத்தில் நின்றுகொண்டு தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடிந்ததும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று. ஆறு மணிக்கு வந்தது உன் அப்பா. வேன் ஓட்டப் போகிற காக்கிச் சட்டையோடு மண்ணில் மண்டி போட்டு, காம்பைத் தடவி, தோலில் நகத்தை அழுத்தி, முகத்தை வேறெங்கோ திருப்பி வைத்துக்கொண்டு. அவர் பார்க்கவே இல்லையடி, கைதான் பார்த்தது. எழுந்து போய் ஒரு தக்காளியைப் பறித்து நீட்டி, இது பழமா காயான்னு சொல்லுங்க என்றேன். கையை நீட்டினார், தொடாம சொல்லுங்க என்றேன். அப்புறம்தான், ஆறு மாசமா ரெண்டு கண்ணுலயும் பனி மூடின மாதிரி இருக்கு, பச்சைத் தக்காளியாத் தட்டு நிறையப் பறிச்சுட்டு வந்தப்ப பெரிய மாப்பிள்ளை முன்னாடி கண்ணு பின்மண்டையிலயா இருக்குன்னு சிரிச்சியே, அன்னையிலேர்ந்து கையாலதான் பாக்குறேன் என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பது போய், உன் அப்பா ஒரு பூசணிக்காயை வைத்து இரண்டு கண்ணை மறைத்திருக்கிறார். நான் சிரித்தது தப்புதான். ஆனால் அதற்கு வருத்தப்படக்கூட நேரமில்லாமல், அப்ப வண்டி எப்படி ஓட்டுறீங்க என்று கேட்டேன். வழி மனப்பாடம் என்றார். மழலையர் பள்ளி வேன் அது, பதினோரு குழந்தைகள், எல்லாம் பால்பல் விழாததுகள். சாவியைப் பிடுங்கி இடுப்பில் சொருகிக்கொண்டு நேரே பள்ளித் தலைமையாசிரியை வீட்டுக்கே போய்ச் சொல்லிச் சாவியையும் கொடுத்துவிட்டேன், அன்றைக்கே வேறு டிரைவர் போட்டுவிட்டார்கள். கண் டாக்டர் இரண்டிலும் புரை என்றார், வலது கண்ணுக்குப் பதினெட்டாம் தேதி ஆபரேஷன். பூசணியை அன்றைக்கே அறுத்தேன், நன்றாக முற்றியிருந்தது, கை பொய் சொல்லவில்லை. பாதியை எடுத்துக்கொண்டு தையல்காரர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அந்த நகம் உடைஞ்சு ரெண்டு மாசம் ஆச்சும்மா, நீங்க என் கையப் பாக்கவே இல்லையே என்றார். வாங்கிக்கொண்டார், ஆனால் உட்காரச் சொல்லவில்லை.

உன் அப்பா ஐந்து நாளாக என்னோடு பேசவில்லை. ஆபரேஷன் வரைக்குமாவது ஓட்டுகிறேன், அம்மாவைப் பள்ளியில் பேசிச் சாவியை வாங்கித் தரச் சொல்லு என்று உனக்குப் போன் போடுவார், குரலைத் தாழ்த்திப் பேசுவார், நீ அப்பா செல்லம், இளகிவிடாதே.

இன்னொன்று. மூன்று மாதமாக உன் குரல் மட்டும்தான் வருகிறது, முகம் காட்டச் சொன்னால் கேமரா கெட்டுப்போச்சு என்கிறாய். போன வாரம் உன் அக்காவுக்கு ஜன்னல் பூந்தொட்டியைப் படம் எடுத்து அனுப்பினாயே, அது எந்த கேமரா. இளைத்திருந்தாலும் சரி, அழுது முகம் வீங்கியிருந்தாலும் சரி, வேலையே போயிருந்தாலும் சரி, ஒரு வார்த்தை திட்ட மாட்டேன், யாரிடமும் சொல்லவும் மாட்டேன். நோய்நொடி இல்லாமல் நிறைந்த ஆயுசோடு நீ இருக்க வேண்டும், அதுதான் எனக்கு வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அப்பா முடி வெட்டப் போய்விடுவார், அப்போது கூப்பிடு. முகத்தைக் காட்டு.

சந்தேகப்பட்டே வயதாகிப்போன
உன் அம்மா