பேச்சுத் துணை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். இங்கே எனக்கும் குறையில்லை, முழங்கால் மட்டும் படியேறும்போது முனகுகிறது, வயசானது அதற்குத்தான், எனக்கில்லை. அத்தை பையனுக்கு ஒருவழியாக வேலை கிடைத்துவிட்டது. வெயில் காலமாதலால் கடையில் பழுதான ஃபேன்கள் குவிந்து கிடக்கின்றன, பாதியை வீட்டுக்கே தூக்கி வந்து மோட்டாருக்குச் செப்புக் கம்பியில் காயில் சுற்றுகிறேன்.

சாமியெல்லாம் கும்பிடுறீங்களாப்பா என்று போனில் கேட்டாய், நான் மழுப்பிவிட்டேன். உன் அம்மா இருந்தவரை அந்த இலாகா அவளுடையது, நான் பின்னால் கைகட்டி நின்று எந்த ஃபேனுக்கு பேரிங் வாங்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருப்பேன். இப்போது அந்தச் சாமியிடம் முறையாகப் பேச எனக்குத் தெரியவில்லை, அதனால் கடைக்கு வந்து உட்காரும் ஆளிடம் பேசுவதுபோலப் பேச ஆரம்பித்துவிட்டேன். பல் தேய்க்கும்போதே என்னப்பா, இன்னிக்காவது கரண்டு ஒழுங்கா இருக்குமா என்பேன். சமையலில் உப்பு கூடிப்போனால், பாத்துக்கிட்டுதானே இருந்தே, வாயைத் திறந்தா என்ன என்று சண்டை பிடிப்பேன். பதில் வராது, ஆனால் நான் பேசுவதைக் கேட்க இந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்.

இந்த வருஷம் லீவுக்கு வரட்டுமா வேணாமா, நீங்களே சொல்லுங்கப்பா என்று நீ கேட்டதற்கு, வேலையைப் பாரும்மா, நான் நல்லாத்தான் இருக்கேன் என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லி போனை வைத்துவிட்டேன். வைத்த கையோடு காயில் சுற்ற உட்கார்ந்தேன். எண்ணிக்கொண்டே சுற்ற வேண்டும், நடுவில் வாயைத் திறக்கக் கூடாது. எனக்குப் பொறுக்கவில்லை. நான் வேணாம்னா அவ உடனே சரின்னுடுவாளா, நீயாவது அவ காதுல போடக் கூடாதா என்று அவரைப் பிடித்துக்கொண்டேன். எண்ணிக்கை தவறிப்போய் மொத்தக் கம்பியையும் பிரித்து முதலிலிருந்து சுற்ற வேண்டியதாயிற்று.

முந்தாநாள் சாயங்காலம் சாப்பிட்டுக்கொண்டே அவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது எதிர் வீட்டு நர்ஸ் பெண் கதவைத் தட்டினாள். பேச்சுச் சத்தம் கேட்டுச்சே, பொண்ணு வந்துட்டாளா என்று முகமெல்லாம் சிரிப்பு, கையில் குட்டிக்கென்று பிஸ்கட் பாக்கெட் வேறு. ரேடியோம்மா என்றேன். அது கெட்டுப்போனது அவளுக்கும் தெரியும். உள்ளே எட்டிப் பார்த்தாள், மேசையில் ஒரே ஒரு தட்டு. பாக்கெட்டை என் கையில் வைத்துவிட்டுப் போனாள். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். இத்தனை பேச்சு பேசியும், என்னால் தனியாக இருக்க முடியவில்லை என்பதை மட்டும் நான் அவரிடம்கூடச் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன். கொஞ்சம் அழுதேன், உன்னிடம் மறைப்பானேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. குட்டி அடம் பிடித்தால் அதட்டாதே, அது உன்னைக் கொண்டு பிறந்திருக்கிறது. மனசில் இருப்பதை நீயும் சாமியிடம் உள்ளபடி சொல்லு, அழகாகச் சொல்ல வேண்டுமென்றில்லை. மாப்பிள்ளைக்கும் குட்டிக்கும் என் ஆசீர்வாதம், மூவரும் குறைவில்லாமல் இருங்கள். சாமியிடம் சொல்லியனுப்பியது உனக்கு இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது, அதனால் நானே எழுதுகிறேன். வர வேண்டாம் என்று நான் சொன்னது பொய். வாம்மா.

உன்னைப் பார்க்க ஆசைப்படும்
அப்பா