நன்றாக ஓடுவதைக் கழற்றுவது

2010 ஜூலை 6, செவ்வாய்

இன்றும் சிதம்பரம். செவ்வாயும் வெள்ளியும் தம்பி லியோவுக்கு டயாலிசிஸ். அவன் பின் சீட்டில் படுத்துக்கொள்வான். இவர் ஓட்டுவார். நான் பள்ளிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு முன்னால் உட்கார்ந்துகொள்வேன். வேகத்தடை வந்தால் முட்டை ஏற்றி வந்தவர் போல இவர் வண்டியை அலுங்காமல் ஏற்றி இறக்குவார். ஆனால் 'உடம்பு எப்படி மச்சான்' என்று வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டதில்லை.

டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார். என் ரிப்போர்ட் எல்லாம் பொருந்துகிறதாம். என் சிறுநீரகம் ஒன்றை லியோவுக்கு வைக்கலாம், சென்னையில் ஆபரேஷன். ஆனால் கல்யாணமானவள் என்பதால் கணவர் உறுப்புதானக் கமிட்டி முன் நேரில் வந்து சம்மதம் சொல்ல வேண்டும்.

பதினெட்டு வருஷமாகப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். அதற்கு யாரும் இவர் சம்மதம் கேட்கவில்லை.

ஜூலை 7

சொன்னேன். சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது.

"ரெண்டு இருக்குதுன்னா ரெண்டும் வேணும்னுதான் ஆண்டவரு வெச்சிருக்காரு. நல்லா ஓடறத யாராச்சும் கழட்டுவாங்களா?"

இதுதான் இவருடைய வேதம். அம்பாசிடர் டாக்சி ஓட்டியே பாதி ஆயுசைக் கழித்தவர். ஓடும் வரை ஓட்டு, நின்றால் இறங்கிப் பார். வண்டிக்கு வைத்த சட்டம் எனக்கும்.

ஜூலை 17, சனி

திருப்பாதிரிப்புலியூரில் சிங்காரத்தின் ஷெட். இந்தச் சின்ன கார் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. டைமிங் பெல்ட் மாற்றி எவ்வளவு நாளாயிற்று என்று யாருக்கும் தெரியாது. அது எஞ்சினுக்குள் எல்லாவற்றையும் ஒரே தாளத்தில் சுற்றவைக்கும் ரப்பர் பட்டையாம். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் இடித்துக்கொள்ளும். அம்பாசிடரில் அந்த இடத்தில் இரும்புச் சங்கிலி. அதனால் இவருக்கு ரப்பர் என்றாலே இளக்காரம்.

பெல்ட்டோடு தண்ணீர் பம்பையும், பட்டையை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் உருளையையும் சேர்த்து மாற்றிவிடலாம் என்றான் சிங்காரம். எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறது, எப்படியும் பிரிக்கத்தான் போகிறோம் என்பது அவன் கட்சி. இவர் பம்பைக் கையில் வாங்கிச் சுற்றிப் பார்த்தார். சுற்றியது. போதாதா? பெல்ட் மட்டும் புதிது, மற்றதெல்லாம் பழைய இடத்துக்கே போயிற்று.

சிங்காரம் என்னைப் பார்த்தான். என்னைப் பார்த்து என்ன செய்ய? நான் சொல்லிக் கேட்கிற ஆளா இவர்!

ஆகஸ்ட் 13, வெள்ளி

லியோவுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று அளவு. வெயில் கொளுத்துகிறது. ஐஸ் கட்டியை வாயில் ஒதுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். மாமா சொல்வதுதான் சரி, விடுக்கா என்றான்.

அம்மா போனபோது இவன் டவுசர் போட்ட பையன். எனக்குப் பிறக்காத பிள்ளை இவன்தான். எப்படி விட?

செப்டம்பர் 8

மாதா பிறந்தநாள். கோயிலில் நான் இவருடைய சம்மதத்தைக் கேட்டு வேண்டிக்கொண்டேன். இவர் என்ன வேண்டினார் என்று கேட்கவில்லை. எதிர்க்கட்சியாகத்தான் இருக்கும்.

அக்டோபர் 17, ஞாயிறு

நேற்று ஆயுத பூஜை. வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்கினார். இன்று மாதா கோயிலில் பூசை முடிந்ததும் அதே வண்டிக்கு ஃபாதரிடம் தீர்த்தம். டிரைவர்கள் இரண்டு பக்கமும் பேசிவைத்துக்கொள்வார்கள்.

வண்டி நின்ற இடத்தில் தரையில் ஈரம். மழைத் தண்ணீர் என்றார். நேற்று மழையே இல்லை. சிங்காரத்திடம் காட்டலாம் என்றேன். சூடு ஏறவில்லையே என்றார்.

நவம்பர் 23, செவ்வாய்

புதுச்சத்திரம் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. ஒரு கீச்சுச் சத்தம், உடனே தடதடவென்று ஏதோ இடித்தது, அவ்வளவுதான். சரியான மழை. லியோவுக்குக் காலையிலிருந்தே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. இவர் பானெட்டைத் திறந்து பார்த்துக்கொண்டே நின்றார். இறங்கிப் பார்த்தால் சரியாகிவிடும் என்றவருக்கு அங்கே செய்ய ஒன்றுமே இல்லை.

பஸ்ஸில் ஏற இடமில்லை. எதிரிலிருந்த டீக்கடைக்காரர் லியோவைத் தூக்கிப்போய் பெஞ்சில் உட்காரவைத்து டீ கொடுத்தார். இவன் இரண்டு வாய் குடித்துவிட்டு, போதும் என்று திருப்பிக் கொடுத்தான். கடைக்காரருக்குப் புரியவில்லை, டீ சரியில்லையா என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கடைசியில் மீன் ஏற்றிப் போகும் வேன் ஒன்று நின்றது. பெட்டிகளுக்கு நடுவில் இவர் லியோவை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கார் சாவியைக்கூட எடுக்கவில்லை.

நுரையீரலில் நீர். டாக்டர் கத்தினார். இப்போது பரவாயில்லை, மெஷினில் இருக்கிறான்.

வராண்டாவில் வைத்து இவரைக் கேட்டுவிட்டேன். பம்ப மாத்துன்னு அவன் சொன்னானா இல்லியா? தண்ணி ஒழுவுதுன்னு நான் சொன்னனா இல்லியா? இப்ப அவனுக்கு ஒண்ணு ஆயிருந்தா? சட்டையெல்லாம் மீன் வாடை. தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார்.

நவம்பர் 27, சனி

பம்பின் பேரிங் இறுகி, புது பெல்ட்டையே பல் பல்லாகப் பிய்த்துவிட்டது. வால்வுகள் வளைந்து போயின. சிங்காரம் 'அன்றைக்கே சொன்னேனே' என்று ஆரம்பிக்கவில்லை, நல்லவன். டென்ஷனரை மட்டும் துடைத்து இவர் கையில் கொடுத்தான்.

"இது நல்லாத்தான்ணே இருக்குது. ஆனா சேத்து மாத்தறதுதான் மொறை. ஒங்க இஷ்டம்."

"மாத்திடு," என்றார்.

பழையதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

டிசம்பர் 3, வெள்ளி

வண்டி வந்துவிட்டது. சத்தமே இல்லை.

சாப்பிட்டதும் அந்த உருளையை மேசையில் வைத்து விரலால் சுற்றிக்கொண்டிருந்தார். வழுக்கிக்கொண்டு ஓடியது. நான் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன்.

"ஒண்ண எடுத்துட்டா மீதி ஒண்ணு தாங்குமா?"

உருளையைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்தேன். நிமிர்ந்தால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாங்கும் என்றேன். டாக்டர் சொன்னாரா, நீயாகச் சொல்கிறாயா என்றார். டாக்டர்தான் என்றேன்.

"நீ போயிட்டா எனக்கு யாரு இருக்கா, சொல்லு."

எழுந்து வெளியே போய், துடைத்த வண்டியை மறுபடி துடைத்தார்.

ஐந்து மாதமாகப் பிடிவாதம் பிடித்தவர் என்று பெயர் வைத்திருந்தேன். பயந்த மனுஷன். இதை அன்றைக்கே சொல்லித் தொலைத்தால் என்ன?

டிசம்பர் 25

லியோ கேக்கில் ஒரு துண்டு தின்றான். சென்னைக்கு எப்போது போக வேண்டும் என்று இவர் கேட்டார். யாரிடம் என்றில்லாமல், பொதுவாக.

2011 பிப்ரவரி 9, புதன்

சென்னை. மேசைக்கு அந்தப் பக்கம் கமிட்டிக்காரர்கள் நான்கைந்து பேர். என்னை யாராவது கட்டாயப்படுத்தினார்களா, பணம் கை மாறியதா என்றெல்லாம் கேட்டார்கள். பிறகு இவரைப் பார்த்து, சம்மதமா என்றார்கள்.

இவர் நேரே பதில் சொல்வாரா?

"நல்லா ஓடறத கழட்டறது எனக்கு எப்பவுமே புடிக்காதுங்க சார்." எனக்கு உயிரே போயிற்று. எழுதிக்கொண்டிருந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "வண்டியில ஒண்ண மட்டும் பாத்துக்கினு இன்னொண்ண வுட்டன். என் மச்சான் ரோட்டுல கெடந்தான். அவுங்க ரெண்டு பேரும் சேந்துதான் ஓடணும். கழட்டிக்குங்க. ஆனா எனக்கு அவளத் திருப்பிக் குடுத்துடணும்."

அந்த அம்மா எழுதிக்கொண்டார். என்ன எழுதினாரோ.



மே 3

நாளை ஆபரேஷன். பள்ளி விடுமுறை வீணாகவில்லை.

மே 9

இரண்டு பேரும் இருக்கிறோம். எழுத முடியவில்லை, வலிக்கிறது.

ஜூலை 26, செவ்வாய்

இன்று எங்கும் போக வேண்டியதில்லை. ஆனாலும் செவ்வாய்க்கிழமைப் பழக்கம், இவர் காலையிலேயே வண்டியை வெளியே எடுத்து நிறுத்திவிட்டார். எடுத்த வண்டியை உள்ளே விடுவானேன் என்று கிளம்பினோம். லியோ வாயில் மாஸ்க்கோடு முன் கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டான். எனக்குத் தையல் போட்ட இடம் இன்னும் இழுக்கிறது. பின் சீட்டில் நான் படுத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டி ஏறக்குறைய நின்று ஏறி இறங்கியது. இன்னா மாமா, நடந்தே போயிடலாம் போலருக்குதே என்றான் லியோ. வாய மூடிக்கினு வா மச்சான், பின்னாடி ஆள் இருக்குது என்றார் இவர்.

புதுச்சத்திரத்தில் அதே டீக்கடை. கடைக்காரருக்கு எங்களை ஞாபகம் இருந்தது. லியோ மாஸ்க்கை இறக்கிவிட்டு டீயை முழுக்கக் குடித்தான். பிறகு நாங்கள் கொண்டுபோன பாட்டிலை எடுத்து, தலையைப் பின்னால் சாய்த்து, மடக்மடக்கென்று தண்ணீர் குடித்தான். நிறுத்தவே இல்லை. இவர் கிளாசைக் கையில் வைத்தபடி அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். டீ ஆறிப்போயிற்று.

"இன்னொரு டீ போடு," என்றார் கடைக்காரரிடம். "அவனுக்கு."