உன்னைச் சார்ந்தவள் என்று எழுதிக் கொடுத்தேன்

நாற்பத்து மூன்று வயதிலும் என்னைப் பாப்பா என்றே கூப்பிட்ட என் அண்ணனுக்கு,

நீ போய் இரண்டு வருடமும் நான்கு மாதமும் ஆகிறது. இத்தனை நாளும் உனக்கு எழுத நான் உட்காரவில்லை. நேரமே இல்லை, அண்ணா. செத்துப்போன ஒருவனுக்கு இவ்வளவு வேலை இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, வார்டு சச்சிவாலயம், தாசில்தார் ஆபீஸ், பேங்க், கோர்ட். சித்தூரில் எந்த ஆபீஸுக்கு எத்தனை படி என்று என்னுடைய இந்தப் போலியோ காலுக்கு இப்போது மனப்பாடம்.

அன்று நடந்ததில் உனக்கு எவ்வளவு தெரிந்திருந்தது? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். திருமலைக்குப் போனவர்களை அலிபிரியில் ஏற்றிக்கொண்டு உன் வேனில் திரும்பி வந்துகொண்டிருந்தாய். புத்தலப்பட்டுக்குக் கொஞ்சம் முன்னால் டீ குடிக்க நிறுத்தினாய். நல்ல வெயில். மொட்டைத் தலையில் சந்தனம் காயாத பிள்ளைகள் ரோட்டோரம் விளையாடிக்கொண்டிருந்தார்களாம். ஹெல்மெட் போட்ட இரண்டு பேர் பைக்கில் வந்து ஓர் அம்மாவின் கழுத்துச் சங்கிலியை அறுத்தார்கள். நீ ஓடிப்போய்ப் பின்னால் உட்கார்ந்திருந்தவனைப் பிடித்துக்கொண்டாய். முன்னால் இருந்தவன் இரும்புக் கம்பியால் உன் தலையில் அடித்தான்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கண் திறக்காமல் கிடந்தாய். அந்த அம்மா வெளியே பெஞ்சில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "சங்கிலி போனா போவுது, விட்டுடுப்பான்னு கத்தினேம்மா. அவரு கேக்கலையே" என்றார்.

ஏன் கேட்கவில்லை, அண்ணா? யாருடைய சங்கிலியோ. வீட்டில் நான் ஒருத்தி இருப்பது அந்த நேரத்தில் உனக்கு நினைவுக்கு வரவே இல்லையா?

சங்கிலியும் கிடைக்கவில்லை, அவர்களும் கிடைக்கவில்லை. கேமராவில் பைக் நம்பர் சரியாகத் தெரியவில்லை என்றார்கள். ஆறு மாதம் கழித்து ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்த சுஜாதா அக்காதான் அந்தப் பேச்சை எடுத்தார். கோர்ட் வளாகத்தில் இருக்கிற சட்ட உதவி அலுவலகத்தில் தொண்டராக இருப்பவர்.

"ஆள் யாருன்னே தெரியலைன்னாலும் பரவால்ல, எஸ்தர். செத்தவங்கள நம்பிக்கினு இருந்தவங்களுக்கு சர்க்கார்ல நஷ்டபரிகாரம் குடுக்கறாங்க. ஒரு மனு போடு."

"எங்க அண்ணன் உசுருக்கு வெல வாங்கிக்கினு நான் துன்னணுமாக்கா?" என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. எத்தனை பேர் அவரிடம் இதே கேள்வியைக் கேட்டிருப்பார்களோ. "வெலை இல்ல. நீ நாளைக்கும் அரிசி வாங்கணும் இல்ல, அதுக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு அளவு ஜாக்கெட்டை வைத்துவிட்டுப் போனார்.

ஒரு மாதம் கழித்துத்தான் அந்த அலுவலகத்துக்குப் போனேன். நைனாவும் அம்மாவும் இல்லை. உனக்குக் கல்யாணமும் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம், "தங்கச்சியும் கூடத்தான் இருப்பா" என்று காபி வருவதற்கு முன்பே சொல்லிவிடுவாய். அதனால் குடும்பச் சான்றிதழில் என் பெயர் மட்டும்தான் இருந்தது. சுலபமாக முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

மனுவை வாங்கிய அலுவலர் நல்ல மனிதர். நான் நிற்பதைப் பார்த்து எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். ஆனால் காகிதங்களைப் புரட்டியவர் ஒரு இடத்தில் நின்றார்.

"உங்க பேர்ல டைலர் கடை இருக்கு. முனிசிபாலிட்டி லைசென்ஸும் இருக்கு. அண்ணனை நம்பித்தான் இருந்தீங்கன்னு எப்பிடிம்மா எழுதறது?"

வாழ்க்கை முழுதும் நான் உன்னிடம் சண்டை போட்டுச் சொன்னதை அவர் என் பக்கமே திருப்பிக் கேட்டுவிட்டார். நினைவிருக்கிறதா? நீ மீன் வாங்கி வந்தால் பாதிக் காசை உன் சட்டைப் பையில் திணிப்பேன். "நான் ஒண்ணும் உன் சோத்துல இல்ல. என் கடை வாடகைய நானே கட்டிக்கினு இருக்கேன்" என்பேன். நீ ஒன்றும் பேசாமல் தலையைக் குனிந்து சாப்பிடுவாய். அதை நான் உன் தோல்வி என்று நினைத்துக்கொள்வேன்.

கடைக் கட்டட உரிமையாளர் ரமணம்மாவிடம் ஒரு கடிதம் வாங்கி வரச் சொன்னார் சுஜாதா அக்கா. வருமானத்தில் வாடகைக்கே எவ்வளவு போகிறது என்று காட்டத்தான். ரமணம்மா கண்ணாடியைத் தேடி எடுத்து, பேனாவை வாங்கிக்கொண்டு, எழுதாமல் என்னைப் பார்த்தார்.

"இன்னா எஸ்தர், எவ்ளோன்னு எழுதறது? நீ குடுக்கறதையா, மொத்தத்தையா?"

"மொத்தம்னா?"

"நீ குடுக்கறது பாதிதானே. மீதிய உங்க அண்ணன் மாசாமாசம் போன்ல போட்டுக்கினு இருந்தான். ஒம்போது வருசமா. பாப்பாகிட்ட சொல்லிடாத ஆன்ட்டி, தெரிஞ்சா கடையே வாணான்னுடும்னு சொல்லுவான். அவன் போனப்புறம் நான் உன்னக் கேக்கல. எப்பிடிக் கேக்கறது, சொல்லு?"

அந்த வீட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். முதலில் எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். ஒன்பது வருடம் என்னை ஏமாற்றியிருக்கிறாய். என் காலில் நிற்கிறேன் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேனே, அதைக் கேட்டுக்கொண்டு எப்படிச் சும்மா இருந்தாய்? ஒரே ஒரு சண்டையிலாவது, "வாயை மூடு, நான்தான் கட்டறேன்" என்று சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் கடையை மூடியிருப்பேன். அதுவும் உனக்குத் தெரியும்.

ரமணம்மா தள்ளாடிக்கொண்டு ஆட்டோவில் என்னோடு வந்து, அலுவலர் முன்னால் சொன்னார். உன் போன் எண்ணிலிருந்து அவருக்குப் பணம் போன விவரத்தை பேங்க்கில் எழுதி வாங்கினோம். கடைசியில் ஒரு பிரமாணப் பத்திரத்தை தெலுங்கில் டைப் அடித்து நீட்டினார்கள். நாம் பள்ளிக்கூடத்தில் படித்தது தெலுங்குதானே, எழுத்துக்கூட்டாமல் வாசித்தேன். 'நான் என் அண்ணனின் ஆதரவைச் சார்ந்தே வாழ்ந்து வந்தேன்.' அந்த ஒரு வரியில் பொய் ஏதும் இல்லை என்று அறிந்துகொள்ள நீ சாக வேண்டியிருந்தது. கையெழுத்துப் போட்டேன். இன்னொரு பிரதியிலும் போடச் சொன்னார்கள். போட்டேன்.

அதற்கப்புறமும் ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. ஸ்டேஷனிலிருந்து ஒரு ரிப்போர்ட் வர வேண்டும், அலுவலர் மாறிவிட்டார், புதியவரிடம் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். உன் தலையில் கம்பி விழுந்ததை எத்தனை மேஜைகளுக்கு முன்னால் சொல்லியிருப்பேன்! கடைசியில் அழாமலே சொல்லப் பழகிவிட்டேன். அது எனக்கே பிடிக்கவில்லை.

போன மாதம் உத்தரவு வந்தது. ஒரு பங்கு கைக்கு. மிச்சத்தை பேங்க்கில் டெபாசிட் போட்டிருக்கிறார்கள். மெசேஜ் வந்தபோது ஸ்கூல் யூனிபார்ம் தைத்துக்கொண்டிருந்தேன். படித்தேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மிச்சம் இருந்த மூன்று பாவாடைகளுக்கும் ஓரம் அடித்து முடித்தேன். ரமணம்மாவுக்குச் சேர வேண்டிய பாக்கியை எடுத்துக்கொண்டு போனேன். வாங்கமாட்டேன் என்றார். மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன். இப்போது முழு வாடகையும் நானே கொடுக்கிறேன். இதைச் சொன்னால் நீ சிரிப்பாய்.

சபையில் எல்லோரும், "ஒரு வழியா முடிஞ்சுது, எஸ்தர்" என்றார்கள். எனக்கும் முடிந்துவிட்டது என்று சொல்லிப் படுத்துக்கொள்ளத்தான் ஆசை. உடம்பு அவ்வளவு அசந்திருக்கிறது. ஆனால் போன திங்கட்கிழமை கால் என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. என்னைத் தெரிந்த கான்ஸ்டபிள் வாசலிலேயே நின்றிருந்தார்.

"டப்பு வச்சிந்தி கதம்மா, இங்கா ஏமி?" என்றார். பணம்தான் வந்துவிட்டதே, இன்னும் என்ன என்று. ஏளனமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

"பணம் எனக்கு வந்துச்சு சார்" என்றேன். "எங்க அண்ணனுக்கு இன்னா வந்துச்சு?"

அவர் உள்ளே போய் உன் ஃபைலை எடுத்து வந்தார். இரண்டு பக்கம் புரட்டினார். புதிதாக ஒன்றும் இல்லை. "அடுத்த மாசம் வாங்கம்மா" என்றார்.

போவேன், அண்ணா. அடுத்த மாதமும், அதற்கடுத்த மாதமும். கான்ஸ்டபிள் மாறினாலும், ஃபைலை அடியில் போட்டுவிட்டாலும் போவேன். உன்னை அடித்தவனுக்கு ஒரு பெயர் கிடைக்கிறவரை அந்த வாசலில் உன் பெயரைச் சொல்லிக் கேட்க ஒருத்தி இருப்பாள்.

இப்படிக்கு,
உன் கூடப்பிறந்த தங்கை
எஸ்தர்