கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் இறக்கினார்கள்

கலகெதர,
12.09.1986

அன்புள்ள அம்மாவுக்கு,

ஐயாவின் இருமல் குறைந்ததா? நான் சுகம். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போவதை என் புருசன் நிறுத்திவிட்டார்.

போன கிழமை உங்களிடம் வரப் புறப்பட்டேன். என் அடையாள அட்டையை அவர் அலுமாரியில் பூட்டி வைத்திருந்தார். அது இல்லாமலே பஸ் ஏறினேன். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் ஆமிக்காரர் அட்டை கேட்டு இறக்கி, யாழ்ப்பாணம் என்றதும் பொலிசில் விட்டார்கள். பயப்படாதையுங்கோ, அங்கே ஒருவரும் அடிக்கவில்லை. அவர் வந்து கூட்டிப்போனார். "நல்ல புருசன்" என்றார்கள். வீட்டுக் கதவைச் சாத்தியபின், "இன்னொருக்கா வெளிக்கிட்டா, புலியெண்டு நானே சொல்லிக் குடுப்பன்," என்றார். நான் விரும்பிக் கட்டியவர்தானே, அம்மா.

முழுக்கைச் சட்டை இரண்டு தைத்து அனுப்புங்கோ. இங்கே குளிர்.

பக்கத்து வீட்டு றீற்றா அக்கா இதை ஒளித்துத் தபாலில் போடுவா. பதிலில் இதைப்பற்றி ஒன்றும் எழுதவேண்டாம். உங்கள் கடிதங்களை அவர்தான் முதலில் உடைக்கிறார்.

மகள்,
இரஞ்சிதம்